ஆப், 1950, பிஎல்ஓ: பெங்களூரில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு எது வோட்டு வாங்கித் தரும்?

2024 மக்களவைத் தேர்தலில் கர்நாடகம் முழுக்க சுமார் 70 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பெங்களூரு தெற்கில் 53 சதவீதம்தான். உடனே எல்லோரும் ஐடிக்காரர்களைத் திட்டினார்கள். ஸ்ரீராம்புரம், ஹலசூர், ஈஜிபுரா பக்கம் பிரச்சினை வேறு. வரிசையில் நிற்க ஆள் உண்டு, லிஸ்டில்தான் பேர் இல்லை. பட்டியலிலேயே இல்லாதவர் அந்தச் சதவீதக் கணக்கிலும் வரமாட்டார். அப்படிப்பட்டவர்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் சேவைகள் எந்த அளவுக்கு உதவுகின்றன என்று பார்ப்போம்.

பேர் தேட மட்டும் என்றால் ஆணையத்தின் ஆப்பும் voters.eci.gov.in இணையதளமும் அருமை. வோட்டர் கார்டு எண்ணைப் போட்டால் பாகம் எண், வரிசை எண், பூத் எல்லாம் சில நொடிகளில் வந்துவிடும். கார்டு எண் இல்லாமல் பேரை வைத்துத் தேடினால் சிக்கல். அழகு என்ற பேர் ஒரு இடத்தில் z சேர்த்தும் இன்னொரு இடத்தில் l போட்டும் ஏறியிருக்கும். இனிஷியல் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதிலும் மாறும். இரண்டு மூன்று விதமாகத் தேடாமல் ‘பேர் இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொன்று: கையில் கார்டு இருப்பதால் மட்டும் வோட்டு போட முடியாது. பட்டியலில் பேர் இருந்தால் கார்டு தொலைந்தாலும் ஆதார், பான், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக் போன்றவற்றைக் காட்டிப் போடலாம். பூத் சீட்டு அடையாளச் சான்று ஆகாது.

புதிதாகச் சேர்க்க ஆப் சுமார்தான். 2025 செப்டம்பருக்குப் பிறகு ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு வரும் ஓடிபி இல்லாமல் ஆன்லைன் படிவம் முடியாது. கர்நாடகத்தின் ஆலந்த் தொகுதியில் 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் பேர் நீக்கச் சொல்லி ஆன்லைனில் குவிந்த 6,018 விண்ணப்பங்களில் 24 மட்டுமே உண்மை என்று தெரிந்த பிறகு, இந்தக் கெடுபிடி நியாயமானதுதான். ஆனால் அடி விழுவது யாருக்கு? ரீசார்ஜ் பண்ண முடியாமல் சிம்மை விட்டுவிட்ட கூலிக்காரருக்கு. அவர் ஆப்போடு மல்லுக்கட்ட வேண்டாம், காகிதப் படிவம் 6 போதும். அதைப் பூத் நிலை அலுவலரிடம், அதாவது பிஎல்ஓவிடம், கொடுத்து அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் பிறகு கேட்க ஆதாரம் இல்லை.

விண்ணப்பம் பெரும்பாலும் முகவரிச் சான்றில்தான் நிற்கும். வாடகை, லீஸ் ஒப்பந்தத்தைக் காட்டுவதென்றால் அந்தப் பத்திரம் பதிவு செய்திருக்க வேண்டும். நம்மூர் ஓனர்களில் எத்தனை பேர் பதிவு செய்து தருகிறார்கள்? கரெண்ட் பில்லும் ஓனர் பேரில் இருக்கும். அதே முகவரி போட்ட பேங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்தான் சுலபமான வழி. ஆதாரில் ஊர் முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எந்தச் சான்றும் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம், பிஎல்ஓ நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. நடைபாதையில் தூங்குபவருக்குக்கூட, ராத்திரியில் வந்து அவர் அங்கே தூங்குகிறாரா என்று பார்த்துச் சேர்க்கலாம். விதி நல்ல விதி. பகல் வேளையில் பிஎல்ஓ வந்து பூட்டிய கதவைப் பார்த்தால் என்ன எழுதுவார் என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

சொந்த ஊரில் வோட்டு இருந்தால் படிவம் 6 போடக் கூடாது. அதில் வேறெங்கும் பேர் இல்லை என்று உறுதி தருகிறோம். பொய்யாகத் தந்தால் 1950ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை. ஊர் வோட்டை இங்கே மாற்றப் படிவம் 8. தமிழ்நாட்டின் 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பேர் நீக்கப்பட்டதால், உங்கள் பேர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நீக்கம்தான் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பக்கம். பேரை எடுக்கும் முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். குடிசைவாசிகள் தொடுத்த லால் பாபு உசேன் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆனால் நோட்டீஸ் பழைய முகவரிக்குத்தான் போகும். 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் வீடுகளை இடித்தபோது வெளியேற்றப்பட்டவர்களைப் போல, முகவரியே இல்லாமல் போனவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? நீக்கிவிட்டால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு, அடுத்த 30 நாளுக்குள் மாநிலத் தலைமை அதிகாரியிடம். நாள் தவறினால் மறுபடி படிவம் 6தான், அதுவும் வேட்புமனு கடைசி நாளுக்குப் 10 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் பெரும்பாலும் நேரம் போதாது.

தேர்தல் ஆணையத்தின் உதவி எண்ணான 1950க்கு செல்போனில் 080 சேர்த்து அழையுங்கள். பிஎல்ஓ யார் என்று கேட்க உதவும், அவ்வளவுதான்.

வாக்குப்பதிவு நாளில் 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவுப்படி தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் வெறும் 500 ரூபாய் வரைதான். வீட்டு வேலை செய்பவர்களை அந்தப் பிரிவு பேர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கோரமங்களாவில் நாலு வீடு பார்க்கும் அக்காக்கள் ஏழு மணிக்கே பூத்துக்குப் போய்விட்டு வேலைக்குப் போவதுதான் நடக்கிற வழி.