கிழிவதற்கென்றே ஒரு நாடா: சிறுமலை அடிவாரத்துக் கம்பிப் பாதை

நான் மலையேறி இல்லை, டெய்லர். முப்பது வருஷம் மதுரை புதுமண்டபத்துத் தூணோரம் மெஷின் மிதித்தேன். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு அங்கே மிதிக்கிறேன். சித்திரை பிறந்தால் கள்ளழகர் வேஷம் போடுகிறவர்களுக்குச் சல்லடம் என்கிற குட்டைக் கால்சட்டையும் இடுப்புக் கச்சையும் தைத்துக் கொடுக்கவே நேரம் போதாது. அதனால் இந்த விமர்சனத்தில் பாறையைவிட நாடாவைப் பற்றித்தான் அதிகம் வரும்.

இந்தக் கம்பிப் பாதை ஏற்றத்தைப் புக் பண்ணியது அக்கா மகன். வாடிப்பட்டி தாண்டி சிறுமலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு, அதற்குள்ளே ஒரு பாறை. தலைக்கு 1,400 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. "ஏணி மாதிரித்தான் மாமா. பாறையில கம்பி அடிச்சு வச்சிருக்காய்ங்க, பிடிச்சுக்கிட்டே போயிரலாம்" என்றான். என் வீட்டுக்காரி, "கீழக்குயில்குடியில சும்மாவே ஏறலாமே, இதுக்கு எதுக்குத் துட்டு?" என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு வயசு மகள் ஒற்றைக் காலில் நின்றாள், கிளம்பிவிட்டோம்.

அஞ்சரை மணிக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் அஞ்சு இருபதுக்கே தோப்பு வாசலில். வழிகாட்டிகள் வந்தது ஆறே காலுக்கு. இது சின்னக் குறை மாதிரித் தெரியும், ஆனால் நம்ம ஊர்ப் பாறையில் முக்கால் மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒன்பது மணிக்கு மேலே கல் தோசைக்கல்லாகிவிடும். கடைசி இருபது அடியில் நான் பட்ட பாடு அந்த முக்கால் மணி நேரத்துக் கடன்தான்.

மூத்த வழிகாட்டி முப்பத்தஞ்சு வயசிருக்கும், பதறாத ஆள். டீ குடித்துக்கொண்டே கதை சொன்னார். இத்தாலியில் இதற்குப் பேர் 'வியா ஃபெராட்டா', இரும்புப் பாதை என்று அர்த்தம். முதல் உலகப் போரில் டோலமைட் மலைகளில் இத்தாலிக்காரனும் ஆஸ்திரியாக்காரனும் எதிரெதிரே நின்றபோது, பட்டாளம் ஏறி இறங்கப் பாறையில் கம்பியும் ஏணியும் அடித்திருக்கிறார்கள். இப்போது அதே மாதிரிப் பாதையில் ஜனங்கள் காசு கொடுத்து ஏறுகிறார்கள். "யானைமலையில போட்டா ஊருக்குப் பக்கமா இருக்குமே தம்பி?" என்றேன். "அங்கயும் சமணர் மலையிலயும் ஆயிரம் வருஷத்துச் சிற்பமும் வட்டெழுத்தும் இருக்குய்யா. ஒரு ஆணி அடிச்சா உள்ள தூக்கி வச்சிருவாய்ங்க, வைக்கவும் வேணும்" என்றார். இது பட்டா நிலத்துப் பாறை. அந்தப் பதிலுக்கே நான் ஒரு மதிப்பெண் கூடப் போட்டேன்.

பிறகு ஹார்னஸ் கொடுத்தார்கள். இடுப்புக்கு ஒரு பட்டை, தொடைக்கு இரண்டு. அழகர் கச்சையையும் சல்லடத்தையும் சேர்த்து நைலானில் தைத்த மாதிரி இருந்தது. வாங்கியதும் வெளிச்சத்தில் பிரித்து உள்பக்கம் பார்த்தேன், தொழில் புத்தி. பளு தாங்குகிற இடத்தில் எல்லாம் குறுக்கே நெருக்கமாகக் கெட்டித் தையல். கறுப்புப் பட்டைக்கு ஆரஞ்சு நூல். நாமெல்லாம் துணி நிறத்துக்கு நூல் தேடி நாலு கடை அலைகிறோம், இவர்கள் வேண்டுமென்றே மாற்று நிறம் போட்டிருக்கிறார்கள். ஒரு இழை தேய்ந்தாலும் கண்ணில் படட்டும் என்றுதான். நல்ல யோசனை.

எனக்கு வந்த பட்டையில் தையல் சரி, லேபிள் சரியில்லை. வருஷம் 2011 என்று மங்கலாகத் தெரிந்தது. நைலான் வெயிலில் கிடந்தால் பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், உள்ளே உயிர் போயிருக்கும். பந்தல் கயிறு பார்த்தவனுக்கு இது தெரியும். சின்னப் பையன் ஒருத்தன், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே, யானையையே தூக்கலாம்" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு வேறொன்று தந்தார். பத்து வருஷத்துக்கு மேல் எந்த நாடாவையும் வைத்திருக்கக் கூடாது என்று அவரே சொன்னார். சரி, அது ஏன் எங்கள் கைக்கு வரும் வரை இருந்தது? அதற்குப் பதில் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹார்னஸிலிருந்து கவட்டை மாதிரி இரண்டு நாடா பிரியும், முனைக்கு ஒரு கொக்கி. பாறையோடு போகிற இரும்பு வடத்தில் இரண்டையும் மாட்டிக்கொண்டே ஏற வேண்டும். வடத்தைப் பாறையோடு பிடித்திருக்கிற ஆணி வந்ததும் ஒரு கொக்கியைக் கழற்றி ஆணிக்கு மேலே மாட்டு, அப்புறம் அடுத்ததை. இரண்டையும் சேர்த்துக் கழற்றவே கூடாது. இதைத் தரையில் கட்டிய கம்பியில் பத்துத் தடவை செய்ய வைத்தார்கள். என் மகள் மூன்றாவது தடவையே சரியாகச் செய்தாள், எனக்கு எட்டு ஆனது.

அந்தக் கவட்டையின் அடியில் கைப்பிடி அளவுக்கு ஒரு பொட்டலம் தொங்கும். கையுறை வைக்கிற பை என்று நினைத்தேன். மூத்தவர் திறந்து காட்டினார். உள்ளே நாடா மடித்து மடித்து வைத்திருந்தது. ஆள் தவறினால் கொக்கி வடத்தோடு வழுக்கிக் கீழே இருக்கிற ஆணி வரை போகும். இரும்பு வடம் கயிறு மாதிரி இழுபடாது, டக்கென்று நிறுத்தும். அந்த அதிர்ச்சி இடுப்புக்கு வராமல் இருக்க இந்த நாடா இழை இழையாகக் கிழிந்துகொண்டே போகும், கிழியக் கிழிய வேகம் குறையும்.

என் பிழைப்பே கிழியாமல் தைப்பது. கிழிவதற்கென்றே, அதுவும் இந்த அளவு பளுவில் இந்த அளவுதான் கிழிய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த பொருளை அன்றைக்குத்தான் பார்த்தேன். காட்டுவதற்காக அவர் வைத்திருந்த கிழிந்த நாடாவை வாங்கி, "நான் தைச்சுத் தரவா தம்பி, அரை மணி நேர வேலை" என்றேன். சிரித்தார். "ஐயா, இதைத் தைக்கவே கூடாது. ஒரு தடவை கிழிஞ்சா குப்பைதான்."

கணக்கு 40 கிலோவிலிருந்து 120 கிலோ வரைதானாம். என் மகள் 34. அவ்வளவு லேசான உடம்பு விழுந்தால் நாடா போதுமான அளவு கிழியாது, அடி உடம்புக்கு வரும். அதனால் அவளுக்கு மட்டும் மேலேயிருந்து தனிக் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டே ஏற்றினார்கள். கேட்காமலே செய்தார்கள். ஆனால் எடை பார்க்கும் மெஷின் இல்லை, வாயால் கேட்டதோடு சரி. ஒரு மெஷின் என்ன விலை வந்துவிடும்?

ஏற்றம் நூற்றிருபது அடி இருக்கும். லாடம் மாதிரி வளைத்த கம்பிகளைப் பாறையில் பதித்திருக்கிறார்கள், இடைவெளி என் காலுக்குக் கொஞ்சம் அதிகம். பாதிவரை கையால் தொங்கிக்கொண்டே ஏறினேன், முழங்கை நடுங்கியது. கீழேயிருந்து அக்கா மகன், "காலை நம்புங்க மாமா, கையை விடுங்க" என்று கத்தினான். முப்பது வருஷம் மெஷின் மிதித்த கால் அது. நம்பினேன், சரியாக வந்தது. நடுவில் பாறை வயிறு தள்ளி நிற்கிற இடத்தில் கீழே பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். உச்சியில் கம்பி கை சுட்டது. கொடுத்த கையுறையில் விரல் நுனி இல்லை. மேலேயிருந்து தென்னந்தோப்பும் வயலும் நன்றாகத்தான் தெரிந்தன. எனக்குத் தண்ணீர்தான் வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்கு: சென்ட், பவுடர் வேண்டாம். பாறை மடிப்பில் மலைத்தேனீ அடை இருந்தது, அந்தப் பக்கம் சத்தமே போடவிடாமல் கூட்டிப்போனார்கள். ஹெல்மெட்டில் பழைய வேர்வை நாற்றம், கைக்குட்டை கொண்டு போங்கள். பெண்களுக்குக் கழிப்பறை என்று சொன்னது தார்ப்பாய் மறைப்பு, அதற்குக் கதவுகூட இல்லை. பொங்கல் ஆறியிருந்தது, சாம்பார் பரவாயில்லை. லேபிளை நீங்களே படியுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கிழிந்த நாடாவை நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் மூத்தவர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசி ஓட்டையே இல்லை. தையலே கிடையாது! இரண்டு பட்டைகளையும் தறியிலேயே சேர்த்து நெய்து, அந்தச் சேர்ப்பு இழை மட்டும் அறுகிற மாதிரி வைத்திருக்கிறான். செல்லூரில் தறி வைத்திருக்கும் சிநேகிதரிடம் கொண்டு போனேன். விரலால் இழைகளைப் பிரித்துப் பார்த்து ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பாவு ரெண்டு போட்டிருக்கான்யா" என்றவர், நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை.