டெஃப்லான் கிளாண்ட் கயிறு: உவரி, இடிந்தகரை வள்ளக்காரர்களுக்கு

இன்போர்டு வள்ளத்தில் (இன்ஜின் உள்ளேயே இருப்பது) தண்ணீர் ஊறினால் உடனே கிளாண்ட் கயிறு வாங்க ஓடாதீர்கள். அடித்தட்டைத் துணியால் ஒற்றிக் காயவிட்டு, கிளாண்டுக்கு (விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் கயிறு அடைத்துத் தண்ணீரைத் தடுக்கும் கூடு) அடியில் பேப்பர் விரியுங்கள், அங்கிருந்துதான் சொட்டுகிறதா என்று தெரியும். கட்டிக் கிடக்கையில் ஊறாமல், இன்ஜின் ஓடும்போது மட்டும் ஊறினால் கடல்நீர் பம்பின் சீலையும் பாருங்கள். சீல் கெட்டிருந்தால் பம்பின் அடித்துளை வழியாகச் சொட்டும்.

ஊறுவது கிளாண்டில்தான் என்றால் டெஃப்லான் கயிறு அருமை. விலை கூடுதல், ஆனால் சூடு தாங்கும். ஷாஃப்டுக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தே வாங்குங்கள், கண்ணளவு உதவாது. பழைய கயிற்றை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டு, புதியதை ஒரே நீளமாகச் சுற்றாமல் தனித்தனி வளையமாக வெட்டி, வெட்டுவாய்களை 120 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள். ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு சொட்டு விழட்டும். அதையும் நிறுத்த நட்டை முறுக்கினால் ஷாஃப்ட் காய்ந்து வரிவரியாகத் தேயும். அப்புறம் எந்தக் கயிறும் நிற்காது.