ஃப்ரிட்ஜ் கதவுல கிடக்குற பழைய சாஸ் பாட்டில்: எதை வச்சுக்கலாம், எதைக் கொட்டணும்

கெட்சப்பையும் மயோனைஸையும் ஒரே நாள்ல திறந்தாச்சு, ரெண்டும் ஆறு மாசமா ஃப்ரிட்ஜ்லயே இருக்குன்னு வைங்க. எது முதல்ல குப்பைக்குப் போகணும்? யோசிக்கவே வேணாம், மயோனைஸ்தான். திறந்தப்புறம் கெட்சப் ஆறு மாசம், மயோனைஸ் ரெண்டே மாசம்னு அமெரிக்க விவசாயத்துறை சொல்லுது. கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் 10 டிகிரிக்கு மேல எட்டு மணி நேரத்துக்கு மேல கிடந்தாலும் இதே கதைதான், கெட்சப்பை வச்சுக்கலாம், திறந்த மயோனைஸைக் கொட்டிடணும். வீட்டுல பச்சை முட்டை போட்டு அடிச்ச மயோனைஸ்னா சால்மோனெல்லாங்கிற வயித்தைக் கெடுக்குற கிருமி பயம் வேற, அதை இந்தப் போட்டியிலயே சேர்க்காதீங்க.

கெட்சப் தாங்குறதுக்குக் காரணம் அதுல இருக்கிற புளிப்பு. பாட்டில் வாய் ஓரத்துல கருத்துப் போறது காத்து பட்டதால, அதுக்காகப் பதற வேணாம், ஆனா பூஞ்சை தெரிஞ்சா மேலாக வழிச்சுட்டு மிச்சத்தை வச்சுக்கிற வேலை மட்டும் கூடாது.

கடுகு சாஸ் ஒரு வருஷம் ஓடும், கெட்டுப்போறதுக்கு முன்னாடி காரம்தான் போகும். சோயா சாஸுக்கு உப்புதான் காவல், மேல வெள்ளையா ஆடை மாதிரி வந்தா அது பெரும்பாலும் உப்பு தாங்குற ஈஸ்ட், ஆளைக் கொல்லாது ஆனா ருசி போயிருக்கும், நானா இருந்தா கொட்டிடுவேன். உப்பு கம்மின்னு போட்ட பாட்டிலை வெளிய வைக்காதீங்க. வினிகர் கெடுறதைப் பத்திப் பேசவே வேணாம், கலங்கினா வடிகட்டிட்டு ஊத்துங்க.

இதெல்லாம் விட எனக்குப் பயம் வீட்டுல எண்ணெய்ல ஊறப்போட்ட பச்சைப் பூண்டுதான். பூண்டு மண்ணுல விளையறது, அதோட பொட்டுலிசம்ங்கிற, நரம்பை முடக்குற விஷ நோயைக் கொடுக்கிற கிருமியோட வித்து ஒட்டிக்கிட்டு வரலாம், எண்ணெய் காத்தை அடைச்சுடும், புளிப்பும் கிடையாது, அந்தக் கிருமிக்கு இதைவிட வசதி என்ன வேணும் சொல்லுங்க. 1985ல கனடாவோட வான்கூவர்ல பூண்டெண்ணெயால நிஜமாவே பல பேருக்கு பொட்டுலிசம் வந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல வச்சு நாலு நாளுக்குள்ள முடிச்சுடணும்.

அப்போ தேதியை நம்பறதா மூக்கை நம்பறதா? பாட்டில்ல அச்சடிச்ச தேதி மூடி திறக்காத வரைக்கும்தான், அதனால திறந்த தேதியை மார்க்கர்ல எழுதி வைங்க. சிக்கு வாடை அடிக்கிற மயோனைஸை மூக்கு பிடிச்சுடும், ஆனா பூண்டெண்ணெய்ல விஷம் இருந்தாலும் வாசனை சும்மா கமகமன்னுதான் இருக்கும்.