ஜெயில் உத்தியோகமா, சமூகப்பணி டிப்ளோமாவா, கிரிமினாலஜி டிகிரியா: மலையகப் புள்ளைங்களுக்கு எது சரிவரும்?

ஏ.எல் ரிசல்ட் வந்த கையோட வருஷா வருஷம் எனக்கு இந்தக் கேள்வி வருது, "அக்கா, கோர்ட்டு, ஜெயில், புரொபேஷன் (நன்னடத்தை) சைட்ல வேலை செய்ய ஆசை, என்ன படிக்கணும்?" கேக்குறது கூட ஆட்ஸ் படிச்ச புள்ளைங்கதான். வீட்ல கேட்டா பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு போடு, டீச்சர் ஆயிரு, அதோட முடிஞ்சது பேச்சு. டீச்சர் வேலைய நான் ஒரு நாளும் குறைச்சு பேச மாட்டேன், எங்க லயத்துக்கு முதல் முதல் அரசாங்க சம்பளம் வந்ததே ஒரு டீச்சராலதான். ஆனா மத்த வாசலும் தொறந்துதான் இருக்கு, அத எடுத்து சொல்லத்தான் ஆள் இல்ல.

நான் எதுக்கு இவ்ளோ நீட்டி எழுதுறேன்னா, சில வருஷத்துக்கு முன்ன பக்கத்து தோட்டத்துல ஒரு பதினாறு வயசு பையன் பழைய இரும்பு களவெடுத்த கேஸ்ல மாட்டினான். அம்மா குவைத்துல, வளக்குறது அம்மாயி. கோட்டுக்கு வீட்டு நிலைமை பத்தி அறிக்கை எழுத ஒரு உத்தியோகத்தர் வந்தாரு, அவருக்கு தமிழ் தெரியாது, அம்மாயிக்கு சிங்களம் தெரியாது, பக்கத்து காம்பரா பையன் ஒருத்தன் அரையும் குறையுமா மொழிபெயர்த்தான். அம்மாயி பயத்துல வாயே தொறக்கல. அறிக்கையில "பாதுகாவலர் அக்கறை காட்டவில்லை"ன்னு வந்துருச்சு, பையன் ஒரு இல்லத்துக்கு போனான். அவன் ஸ்கூல் புத்தகம் எல்லாத்தையும் அம்மாயி ட்ரங்கு பெட்டியில பூட்டி வச்சிருந்தாங்க, அத யாரும் கேக்கவும் இல்ல பாக்கவும் இல்ல. வந்த மனுஷன் கெட்டவர் இல்ல, இஸ்தோப்புல நின்னுகிட்டே பத்து நிமிஷத்துல அவரால அவ்ளோதான் முடிஞ்சது.

அதனால எந்தப் படிப்பையும் நான் ஒரே அளவுகோல வச்சுத்தான் பாக்குறேன். நாளைக்கு நீங்க அந்தக் காம்பராவுக்குள்ள போய் உக்காந்து பேசி, நீதவான் நம்பி வாசிக்கிற ஒரு அறிக்கை எழுதுவீங்களா? அதுக்கு அந்தப் படிப்பு உங்கள தயார் பண்ணுதா?

முதல்ல வேலை எங்க இருக்குன்னு பாத்துருவோம், ஏன்னா நிறைய பேர் மூணையும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. சிறைச்சாலைத் திணைக்களம் 1877ஆம் வருஷ கட்டளைச் சட்டத்துல ஓடுற பழைய மரம், அது மத்திய அரசாங்கம். புரொபேஷன், அதாவது குத்தம் செஞ்சவங்கள ஜெயிலுக்கு அனுப்பாம வெளிய வச்சே மேற்பார்வை செய்ற நன்னடத்தை, 1944ல வந்த சட்டம், அரசியலமைப்போட 13ஆம் திருத்தத்துக்கு பிறகு மாகாணத்துக்கு போயிருச்சு, அதனால நுவரெலியாவுக்கு மத்திய மாகாணம், பதுளைக்கு ஊவா. மூணாவது சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம், 1999ஆம் வருஷ 46ஆம் இலக்கச் சட்டம், சின்னக் குத்தத்துக்கு ஜெயிலுக்குப் பதிலா சம்பளமில்லாத பொது வேலை, ஆலோசனை, போதைக்கு சிகிச்சைன்னு கோர்ட் கட்டளை போட, அத மேற்பார்வை செய்றவங்க. நம்ம ஊர்ல இந்த மூணாவதப் பத்தி கேள்விப்பட்டவங்க ரொம்ப கம்மி, ஆனா நம்ம சனத்துக்கு அதிகம் உதவக்கூடியது அதுதான்னு நான் சொல்வேன். நம்ம நாட்டு ஜெயில்ல தண்டனை அனுபவிக்கிறவங்கள்ல பெரிய பங்கு தண்டப்பணம் கட்ட வழியில்லாம உள்ளுக்கு போனவங்க. கசிப்பு கேஸ்ல மாட்டின ஒரு தோட்டத் தொழிலாளி, தண்டப்பணம் கட்ட காசில்லாம ஜெயிலுக்கு போனா, அந்த மாசம் வீட்ல அடுப்பு எரியாது.

சரி, இனி ஒப்பிட்டுப் பாப்போம்.

ஜெயில் சேவைக்கு நேரடியா போறது ஒரு வழி. வர்த்தமானியில கூப்பிடுவாங்க, பரீட்சை, இன்டர்வியூ, காவலர் மாதிரி பதவிக்கு உயரம், நெஞ்சளவு எல்லாம் பாப்பாங்க. எடுத்த பிறகு திணைக்களமே பயிற்சி குடுக்கும், அவங்களுக்குன்னே ஆராய்ச்சி பயிற்சி நிலையம் இருக்கு. இதுல பெரிய பிளஸ் என்னன்னா படிப்புக்கு காசு செலவழிக்கிறதுக்குப் பதிலா சம்பளம் எடுத்துகிட்டே பழகுறீங்க, அப்பா அம்மா ரெண்டு பேரும் கொழுந்துக் காசுல வாழ்ற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்ல. பதுளை ஜெயில், தல்தென இளைஞர் சீர்திருத்த நிலையம், போகம்பரை மூடினதுக்கு அப்புறம் பல்லேகலை, இதெல்லாம் நம்ம பக்கத்துலயே இருக்கு, ஆனா போஸ்டிங் நாட்டுல எங்கயும் வரலாம். மைனஸ் என்னன்னா பயிற்சியோட எடை பாதுகாப்புப் பக்கம் சாயும். பூட்டு, எண்ணிக்கை, ஒழுங்கு. ஆளோட பேசி அவன் வீடு வாசல் தெரிஞ்சிக்கிற வேலை புனர்வாழ்வு உத்தியோகத்தர், ஆலோசகர் பக்கம்தான் இருக்கு, அதுக்கு வேற தகுதி கேப்பாங்க.

இன்னொன்னும் மனசுல இருக்கு, சொல்லாம விட முடியல. பண்டாரவளைக்கிட்ட பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம்ல 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி இருபத்தஞ்சுக்கும் மேல தமிழ் இளைஞர்கள கும்பல் உள்ள புகுந்து கொன்னுச்சு, கடைசியில 2005ல உயர் நீதிமன்றம், முன்ன குற்றவாளின்னு தீர்ப்பாகி மிச்சம் இருந்தவங்களையும் விடுதலை செஞ்சிருச்சு. அந்த தலைமுறை அப்பா அம்மா "ஜெயில் வேலையா, வேணாம்"னு சொன்னா அவங்கள குத்தம் சொல்ல முடியாது. ஆனா நான் அத திருப்பிப் போட்டுத்தான் பாக்குறேன், உள்ள இருக்கிறவன் பேசுற மொழி தெரிஞ்ச ஒரு ஆள் அந்தச் சுவருக்குள்ள வேணும். கைதிகள எப்படி நடத்தணும்னு ஐ.நா 2015ல ஏத்துகிட்ட மண்டேலா விதிகள்ல 80ஆவது விதி சொல்றதும் அதுதான், கைதிகள்ல கூடுதலான பேருக்கு விளங்குற மொழி ஊழியர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு தெரிஞ்சிருக்கணும், தேவைப்பட்டா மொழிபெயர்ப்பாளர் வைக்கணும்.

ரெண்டாவது வழி நான் போன வழி, அதனால கொஞ்சம் சார்பா பேசுவேன், பொறுத்துக்கோங்க. சீதுவை லியனகேமுல்லையில இருக்கிற தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம். 1952ல சமூகப்பணி சொல்லிக் குடுக்கிற இடமா ஆரம்பிச்சது, ரெண்டு வருஷ சமூகப்பணி டிப்ளோமா இருக்கு, நாலு வருஷ சமூகப்பணி டிகிரி இருக்கு. கெம்பஸ் மாதிரி ஏ.எல் புள்ளிய வச்சு கணிக்கிற இசட் ஸ்கோர் வழியா இல்ல, நிறுவனமே விண்ணப்பம் கூப்பிட்டு தெரிவு செய்யும், அதனால ஒரு புள்ளியில கெம்பஸ் தவறின புள்ளைக்கு இது உண்மையான ரெண்டாவது வாசல். டிப்ளோமாவ நான் தமிழ் மூலத்துலதான் படிச்சேன், டிகிரி இங்கிலீஷ்ல.

இங்க என்ன வித்தியாசம்னா களப்பயிற்சி. புத்தகத்த மூடிட்டு ஒரு அலுவலகத்துக்கோ இல்லத்துக்கோ அனுப்புவாங்க, உங்களுக்குன்னு ஒரு ஆள், ஒரு குடும்பம், பேசினத எல்லாம் எழுதணும், மேற்பார்வையாளர் அத வரிவரியா வாசிச்சு "இது அவங்க சொன்னதா, நீ நினைச்சதா?"ன்னு கேப்பாரு. அந்த ஒரு கேள்விக்கே ரெண்டு வருஷம் தகும். முதல் மாசம் நான் "தாய் கவலையற்றவர்"னு எழுதி குடுத்துட்டு, எத பாத்து அப்படி எழுதினேன்னு கேட்டப்போ பதில் இல்லாம நின்னேன், அப்பதான் மேல சொன்ன அம்மாயியோட அறிக்கை எப்படி உருவாகுதுன்னு எனக்கே விளங்குச்சு. கஷ்டம்னு பாத்தா தூரமும் செலவும்தான். ஹட்டன்ல இருந்து பஸ்ஸோ ட்ரெய்னோ ஏறி கொழும்பு போய், அங்கருந்து நீர்கொழும்பு ரோட்ட பிடிக்கணும், தினம் போய் வர ஏலாது, போர்டிங் காசு, சாப்பாடு. இன்னொரு உண்மை, நன்னடத்தை உத்தியோகத்தருக்கு பெரும்பாலும் பட்டதாரிகளத்தான் கேக்குறாங்க, டிப்ளோமாவோட நின்னா சில கதவு மூடியே இருக்கும், அதனால டிப்ளோமா எடுத்தாலும் டிகிரி வரைக்கும் போற கணக்குலயே தொடங்குங்க.

ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்துல கிரிமினாலஜியும் (குத்தத்தப் பத்தின படிப்பு) குற்றவியல் நீதியும் டிகிரியா படிக்கலாம். குத்தம் ஏன் நடக்குது, தண்டனை எதுக்கு, ஜெயில் வேலை செய்யுதா இல்லையான்னு ஆழமா யோசிக்க வைக்கிற படிப்பு, ஆராய்ச்சி செய்யணும், கொள்கை எழுதணும்னு ஆசை இருந்தா இதுக்கு நிகர் வேற இல்ல. பட்டதாரி ஆட்சேர்ப்பு எல்லாத்துக்கும் போடலாம். ஆனா தமிழ் மூலம் இல்ல, சிங்களம் இல்லாட்டி இங்கிலீஷ். ஏ.எல் வரைக்கும் தமிழ்லயே படிச்ச புள்ளைக்கு முதல் வருஷம் மூச்சு முட்டும், அது தாண்டினவங்கள நான் பாத்திருக்கேன், தாண்டினா அந்த சிங்களமோ இங்கிலீஷோ வேலையில பெரிய பலம். என் அளவுகோல்ல வச்சா, ஆளோட உக்காந்து பேசுற பயிற்சி சமூகப்பணியில கூட, குத்தத்தப் பத்தின அறிவு இங்க கூட. ஒருத்தர் ரெண்டையும் சேர்க்கணும்னா முதல் டிகிரி சமூகப்பணி, பிறகு மேல்படிப்பு கிரிமினாலஜின்னு போறதுதான் என் கணக்குக்கு நல்லது.

வேலை செஞ்சுகிட்டே படிக்கணும்னா திறந்த பல்கலைக்கழகம், கண்டிக்கிட்ட பொல்கொல்லையில பிராந்திய நிலையம், ஹட்டன்லயும் நிலையம் இருக்கு, சமூக விஞ்ஞான டிகிரி செய்யலாம். ஜெயில் சேவைக்கு ஏற்கனவே போனவங்க பட்டதாரியாக இது நல்ல வழி. தனிய படிக்க மனக்கட்டுப்பாடு வேணும், அது இல்லாட்டி வருஷம் இழுத்துகிட்டே போகும்.

அப்புறம் இப்ப ஹட்டன், நுவரெலியா டவுன்ல ஏஜென்சிகாரங்க காட்ற கனடா. ஒன்டாரியோ மாகாணத்து கொலேஜ்கள்ல சமுதாய, நீதித்துறை சேவைகள்னு (Community and Justice Services) ரெண்டு வருஷ டிப்ளோமா இருக்கு, கையில வேலை பழக்குற நல்ல படிப்புதான். அந்த மாகாணத்துல எல்மைரான்னு ஒரு சின்ன ஊர்ல 1974ல ரெண்டு பையன்கள் 22 இடத்துல சேதம் செஞ்சப்போ, ஒரு புரொபேஷன் உத்தியோகத்தர் அவங்கள வீடு வீடா கூட்டிப் போய் பாதிக்கப்பட்டவங்களோட பேச வச்சு நட்டம் குடுக்க வச்சாரு, பாதிக்கப்பட்டவரையும் குத்தம் செஞ்சவரையும் ஒண்ணா உக்கார வைக்கிற முறைக்கு அது ஒரு தொடக்கம். அப்படி ஊர்ல போய் படிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆனா அந்த டிப்ளோமா சொல்லித் தர்றது கனடா சட்டம், அங்கயும் ஒன்டாரியோவுல புரொபேஷன் உத்தியோகத்தராக டிகிரி கேக்குறாங்க, அதோட 2024 நவம்பர்ல இருந்து கொலேஜ் முடிச்சவங்களுக்கு வேலை பர்மிட் குடுக்க படிச்ச துறையையும் பாக்குறாங்க. நகையையும் ஈ.பி.எஃப் காசையும் வச்சு இதுக்கு போறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

எந்த வழி எடுத்தாலும் சிங்களம் பேச, எழுத படிச்சிக்கோங்க. தமிழ் தெரிஞ்சதால நீங்க அம்மாயிய விளங்கிப்பீங்க, அறிக்கை போற மேசையில பெரும்பாலும் வாசிக்கிறது சிங்களம். 2007 நடுப்பகுதிக்குப் பிறகு அரசாங்க சேவைக்கு வந்தவங்க எல்லாரும் மற்ற அரசகரும மொழியில தேறணும்னு சுற்றறிக்கையே இருக்கு, அத சேர்ந்த பிறகு பாத்துக்கலாம்னு விடாம இப்பவே தொடங்குங்க.

என் அக்கா மகளுக்கு நான் சீதுவை விண்ணப்பம்தான் நிரப்பி குடுத்திருக்கேன், கூடவே ஜெயில் சேவைக்கு கூப்பிட்டா அதுக்கும் போட சொல்லியிருக்கேன். வர்த்தமானி வெள்ளிக்கிழமையில வரும், தமிழ்லயும் வரும், போன்லயே பாக்கலாம். பிறப்புச் சான்றிதழ்ல பேரும் ஐடியில பேரும் ஒரே எழுத்தா இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க, தோட்டத்துல பதிஞ்ச பேர் முக்காவாசி பேருக்கு அங்கயும் இங்கயும் மாறித்தான் இருக்கு, அத திருத்த மாசக்கணக்கா அலையணும்.