ஆர்.டி.இ. 25 சதவீத இடம்: விண்ணப்பம் சுலபம், பள்ளி வாசலில்தான் சிக்கல்

தமிழ்நாட்டில் தனியார் பள்ளியின் எல்.கே.ஜி.யில் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் கட்டாமல் படிக்க வழி இது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 12(1)(சி) பிரிவு தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை இதற்கு ஒதுக்கச் சொல்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. பட்டியலில் அந்தப் பெயர்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விண்ணப்பிக்கும் இணையதளத்தில் பெரிய குறை இல்லை. சறுக்குவது பிரிவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். ‘நலிவடைந்த பிரிவினர்’ என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்று கட்டாயம். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்கள் ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்’ சாதிச் சான்றை மட்டும் வைத்தே விண்ணப்பிக்கலாம். அங்கே வருமான வரம்பு கிடையாது. (இடங்களை ஒதுக்கும் குலுக்கலில் வசதியான வீடும் கூலி வீடும் ஒன்றாக நிற்பது இதனால்தான். திட்டத்தின் பெரிய ஓட்டை என்று இதைத்தான் சொல்வேன்.) ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி. பாதிப்புள்ளோர் போன்றவர்களுக்குக் குலுக்கலுக்கு முன்பே இடம் உண்டு.

வருமானச் சான்று வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) என்று மேலே நகர நாளாகும். அறிவிப்பு வந்தபின் இ-சேவை மையத்துக்கு ஓடினால் கடைசித் தேதி தாண்டிவிடும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிதான் கணக்கு என்பதால், இருப்பிடச் சான்றில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான்.

இடம் கிடைத்தபின் வேறு கணக்கு. ஒரு மாணவருக்கு அரசு தன் பள்ளியில் செலவிடும் தொகை, தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் அந்தத் தனியார் பள்ளிக்கு அரசு தரும். அதுவும் தாமதமாக. கட்டணம் அதிகமுள்ள பள்ளிக்குத் துண்டு விழும். அது புத்தகம், சீருடை, ‘ஆக்டிவிட்டி’ என்ற பெயர்களில் பெற்றோர் தலையில் இறங்கும். எது கேட்டாலும் ரசீதோடு கட்டுங்கள். வேன் கட்டணம் எப்படியும் உங்களுடையது.

பணம் நின்றால் சேர்க்கையே நிற்கும் என்பதை 2025-26 காட்டியது. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்ட நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைக்க, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பிள்ளைகள் பணம் கட்டி வகுப்பில் உட்கார்ந்து மாதங்கள் ஆகியிருந்தன.

ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம். அங்கிருந்து அரசுப் பள்ளிக்கு மாறி பன்னிரண்டு வரை படித்தால், மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு இந்தப் பிள்ளைகளும் தகுதி பெறுவார்கள். அப்போது கேட்பார்கள், ஆர்.டி.இ. சேர்க்கை ஆவணத்தைப் பத்திரமாக வையுங்கள்.