டூயிட்நவ் கியூஆர்: ஜொகூர் பாரு தையல் கடையிலிருந்து என் மதிப்பீடு

எங்கள் தையல் கடை மலேசியாவின் ஜொகூர் பாருவில், ஜாலான் உங்கு புவான் பக்கம். ராஜமாரியம்மன் கோவிலுக்கு வருகிறவர்கள் அப்படியே ரவிக்கைத் துணியையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். சனி, ஞாயிறில் கடற்பாலம் தாண்டி வரும் சிங்கப்பூர்க்காரர்கள்தான் அதிகம்.

முன்பு பெரிய தலைவலி நாணய மாற்று ரேட்தான். “இன்னிக்கு என்ன ரேட்டுக்கா?” என்று கேட்டுக்கொண்டே சிங்கப்பூர் நோட்டை நீட்டுவார்கள். முக்கில் இருக்கும் மணி சேஞ்சர் ஒன்று சொல்வார், அவர்கள் கைப்பேசி வேறொன்று காட்டும். இரண்டு, மூன்று வெள்ளி வித்தியாசத்துக்கு நல்ல வாடிக்கையாளரோடு மனக்கசப்பு.

கியூஆரைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்து கடையில் பணம் கட்டும் முறைகள்தான் சிங்கப்பூரின் நெட்ஸும் நம் டூயிட்நவ் கியூஆரும்; 2023 மார்ச் 31-இல் இரண்டையும் இணைத்தார்கள். புது ஸ்டிக்கர் எதுவும் ஒட்டவில்லை. கல்லாவில் ஏற்கெனவே இருந்த அதே கியூஆரை வாடிக்கையாளர் தன் சிங்கப்பூர் வங்கிச் செயலியால் ஸ்கேன் செய்கிறார். ஆரி வேலை ரவிக்கைக்கு 180 ரிங்கிட் என்று தட்டினால், சிங்கப்பூர் வெள்ளியில் எவ்வளவு என்று அவர் திரையிலேயே வந்துவிடுகிறது. சம்மதம் என்றால் அழுத்துவார். பணம் ரிங்கிட்டாகவே வந்துவிட்டது என்று என் கைப்பேசிக்குச் செய்தி வரும். ரேட் பேச்சுக்கே இடமில்லை. தீபாவளிக் கூட்டத்தில் இது எத்தனை பெரிய நிம்மதி என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும்: அவர் திரையைப் பார்த்துத் துணியைக் கொடுக்காதீர்கள், உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வரட்டும்.

முன்பணத்துக்கு இன்னொரு வழி, அதே ஆண்டு நவம்பர் 17-இல் வந்த பேநவ்–டூயிட்நவ், அதாவது இரு நாட்டு வங்கிக் கணக்குகளுக்கு இடையே பணம் அனுப்பும் இணைப்பு. கைப்பேசி எண் இருந்தால் வீட்டிலிருந்தே அனுப்பலாம். ஆனால் நாளுக்கு 1,000 சிங்கப்பூர் வெள்ளி என்றுதான் உச்சவரம்போடு தொடங்கினார்கள். ஒரு ரவிக்கைக்குப் போதும். கல்யாண வீட்டு மொத்த ஆர்டரென்றால் இரண்டு நாளாகப் பிரித்து அனுப்ப வேண்டியதுதான். எல்லா வங்கியும் இதில் இல்லை, அதனால் ஆர்டர் எடுக்கும்போதே எந்த வங்கி என்று கேட்டுவிடுகிறேன்.

குறையென்றால் பணத்தைத் திருப்பித் தருவதுதான். அளவு சரியில்லை, வேண்டாம் என்று சொன்னால் நான் ரொக்க ரிங்கிட்டாகக் கொடுக்கிறேன். அவர் அதை வைத்துக்கொண்டு அடுத்த முறை இங்கேதான் செலவழிக்க வேண்டும். ரோமிங் டேட்டா இல்லாமல் வருகிறவர்களுக்கு என் வைஃபை கடவுச்சொல்லைச் சொல்கிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன்.

2025 ஜனவரியில் இரு நாடுகளும் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் செய்தன. தகுதியுள்ள புது முதலீட்டுக்கு 15 ஆண்டு வரை 5 விழுக்காடு நிறுவன வரி. வரட்டும், நம் பிள்ளைகளுக்கு நல்ல சம்பளத்தில் இங்கேயே வேலை கிடைக்கட்டும். ஆனால் அந்தச் சலுகை தையல் கடைக்கானது இல்லை. அண்டை நாட்டு வியாபாரம் என் கல்லாவுக்கு வந்தது இந்த கியூஆர் வழியாகத்தான். நம் பக்கம் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே, எல்லை தாண்டும் ஆர்டிஎஸ் ரயில் ஓடினால், மணிக்கு ஒரு பக்கம் 10,000 பேர் வரை வரலாம் என்கிறார்கள். அதற்குள் பணம் திருப்பும் வழியைச் சரிசெய்து, வரம்பையும் உயர்த்திக் கொடுங்கள்.