அகழிச் சுவரா, அடிச்சேறா: ஒரு நிலப்பிளவின் பழங்கணக்கை எதில் படிப்பது?

நிலநடுக்கமானிகள் உலகெங்கும் பரவி நூற்றைம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஒரு பெரிய நிலப்பிளவோ, அதாவது இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நழுவும் விரிசலோ, ஒருமுறை உடைந்தபின் மறுமுறை உடையப் பல நூறு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம். அதனால் கருவிப் பதிவை மட்டும் நம்பினால், உறங்கிக் கிடக்கும் பிளவை உயிரற்றதென்று எழுதிவிடுவோம். மண்ணில் எஞ்சிய தடயங்களைத் தேடத்தான் வேண்டும். அதற்கு இரண்டு முதன்மையான வழிகள் உள்ளன: பிளவின் குறுக்கே அகழி வெட்டுவது ஒன்று, ஏரியடியிலும் கடலடியிலும் படிந்த சேற்றைக் குழாயிட்டு எடுத்துப் படிப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே கேள்விக்கான இரு விடைகளாகப் பார்ப்பது தவறு. அகழி "இந்தப் பிளவு உடைந்தது" என்கிறது. சேறு "இந்த இடம் குலுங்கியது" என்கிறது.

அகழியின் வலிமையைக் காண, கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின்மேல் உள்ள பாலெட் கிரீக்கைப் பார்க்க வேண்டும். 1970களில் நிலவியலாளர் கெர்ரி சீ அங்கே வெட்டிய அகழிகளின் சுவரில், மணலும் வண்டலும் கருத்த மட்கிய தாவரப் படிவும் மாறிமாறி அடுக்கடுக்காக இருந்தன. கீழிருந்து வரும் வெட்டு ஓர் அடுக்கு வரை ஏறி, அதற்கு மேலுள்ள அடுக்கைத் தொடாமல் நின்றுவிட்டால், நடுக்கம் அவ்விரண்டும் படிந்த காலங்களுக்கு இடையே வந்தது என்று பொருள். மேலும் கீழும் உள்ள தாவரப் படிவைக் கதிரியக்கக் கார்பன் முறையில் காலக்கணிப்புச் செய்தால், நடுக்கத்தின் காலம் ஒரு வரம்புக்குள் சிக்கிவிடும். அங்கே கண்டறிந்த பத்து நடுக்கங்களின் சராசரி இடைவெளி ஏறத்தாழ 132 ஆண்டுகள். கடைசியாக நிகழ்ந்தது 1857இல். பல இடங்களில் பிளவு எவ்வளவு நகர்ந்தது என்பதையும் அகழியில் அளக்கலாம் என்பதால், நடுக்கத்தின் வலிமையையும் மதிப்பிட முடிகிறது. சேறு இதைத் தராது.

ஆனால் மேற்பரப்பை எட்டாத உடைப்பு அகழியில் பதிவாகாது. 2015இல் நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கத்தின் உடைப்பு தரைக்கு மேலே வரவில்லை. வருங்காலத்தில் அங்கே அகழி வெட்டுவோர் அதை வெட்டாகக் காணப் போவதில்லை. மேலும், வெள்ளம் அடித்து வந்த பழைய மரக்கரித் துண்டு ஒன்று ஓர் அடுக்கில் கலந்திருந்தாலே, அந்த அடுக்கின் வயது உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

சேற்றுப் படிவு இந்த இடைவெளியை நிரப்புகிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய காஸ்கேடியா பிளவு கடலுக்கடியில் இருப்பதால் அகழிக்கு அங்கே வழியே இல்லை. நடுக்கத்தில் சரிந்த மண் பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கிப் படிந்த கலங்கல் அடுக்குகளை எண்ணி, கடந்த 10,000 ஆண்டுகளில் 41 பெரிய நடுக்கங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயினும் பெருவெள்ளமும் புயலும்கூடக் கலங்கலை உண்டாக்கும். ஒன்றோடொன்று தொடர்பற்ற பள்ளத்தாக்குகளில் ஒரே காலத்து அடுக்கு இருந்தால் மட்டுமே நடுக்கம் என்ற முடிவுக்கு வலு கிடைக்கிறது. அதன் பிறகும், அதிர்ச்சி எந்தப் பிளவிலிருந்து வந்தது என்ற ஐயம் முற்றாகத் தீர்வதில்லை.

இவ்விரண்டையும் தவிர வேறு வழியும் உண்டு. சுமாத்திரா அருகே பவளங்களின் வளர்ச்சியிலிருந்து 1797, 1833 நடுக்கங்களின் நில ஏற்றத்தையே அளந்திருக்கிறார்கள். நுட்பமான முறைதான், வெப்பமண்டலக் கடற்கரைக்கு வெளியே அது உதவாது.

நிலத்தில் ஓடும் பிளவென்றால் முதல் செலவை அகழிக்கே ஒதுக்குவேன். எண்ணிக்கையைச் சரிபார்க்க அருகிலுள்ள ஏரியை நாடுவேன். ஏரி காட்டும் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் அதை முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. பக்கத்துப் பிளவின் அதிர்ச்சியும் ஏரியில் பதிந்திருக்கும். நியூசிலாந்தின் ஹொகுரி கிரீக்கில், ஆல்பைன் பிளவை ஒட்டிய படிவே 8,000 ஆண்டுகளில் 24 நடுக்கங்களைக் காட்டியது. சராசரி இடைவெளி 329 ஆண்டுகள், அதுவும் பெரிதும் சீரானது. பாலெட் கிரீக்கிலோ நடுக்கங்கள் கொத்துக்கொத்தாக வந்து, கொத்துகளுக்கிடையே 200 முதல் 300 ஆண்டு அமைதி நிலவியது. அங்கே 132 என்ற சராசரி அடுத்ததை எப்போது எதிர்பார்ப்பது என்பதற்குப் பெரிதாக உதவாது. ஆகவே கட்டட விதிகளை வகுப்போர் எந்த முறையில் செய்த ஆய்வானாலும் சராசரியோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் இடைவெளியையும் அதன் பிழை வரம்போடு கேட்டு வாங்க வேண்டும்.